எங்கள் வீட்டுப் பட்டியலில் உன் பெயர்

இன்று காலை நான் வேலை செய்யும் பல் கிளினிக்கில் கராம்பு எண்ணெய்ப் போத்தல் என் கை பட்டுக் கவிழ்ந்துவிட்டது. பாதி மேசையில், மீதி என் சட்டையில். டொக்டர் திட்டவில்லை, ஜன்னலைத் திறந்துவிடச் சொன்னார். மாலையில் பசறை வழியாக வீட்டுக்கு வரும் பஸ்ஸில் பக்கத்தில் நின்ற பெண் மூக்கைச் சுளித்துக்கொண்டு, "யாருக்குங்க பல்லு வலி? பஸ்ஸே மணக்குது" என்று கேட்டாள். நாலைந்து பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குள் உன் ஞாபகம் வந்துவிட்டது.

விடுமுறைக்கு நீ எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக்கு வந்தபோது உன் பையிலிருந்து இதே வாசனைதான் வந்தது. உள்ளே இருந்த வெள்ளைக் கோட்டை எடுத்து அம்மாவின் முகத்துக்கு முன்னால் பிடித்தாய். "மணந்து பாருங்கோ அன்ரி. எங்கட பல் லேப் முழுக்க இந்த மணம்தான். தோய்ச்சாலும் போகாது." அம்மா மணந்து பார்த்துவிட்டு, வழக்கம்போல் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தார். நானும் மணந்து பார்த்தேன். எனக்கு வயிறு எரிந்தது.

நீ செத்து ஏழு மாதமாகிறது. வயிறு இன்னும் எரிகிறது.

போனவர்களைப் பற்றி நல்லதைத்தான் எழுத வேண்டும் என்பார்கள். உன்னைப் பற்றிய நல்லதையெல்லாம் உன் வீட்டார் நினைவு மலரில் எழுதிவிட்டார்கள். அதில் இல்லாததை நான் எழுதுகிறேன்.

இப்போது என் முன்னால் இரண்டு காகிதங்கள் இருக்கின்றன. ஒன்று விவசாயப் பட்டப்படிப்புக்கு நான் தெரிவாகியிருக்கிறேன் என்ற கடிதம். வெள்ளிக்கிழமைக்குள் பதிவு செய்ய வேண்டும். பதிந்துவிட்டால் மறுபடி உயர்தரப் பரீட்சை எழுதிப் பல் மருத்துவத்துக்குப் போகும் வழி மூடிவிடும். பதியாமல் விட்டால் மூன்றாம் தடவை எழுதலாம். அதுதான் கடைசித் தடவை. அதிலும் தவறினால் இதுவும் இல்லை, அதுவும் இல்லை, கிளினிக்கில் நம்பர் கூப்பிட்டுக்கொண்டு இருக்க வேண்டியதுதான். பரீட்சை விண்ணப்பமும் இந்த வாரத்தோடு முடிகிறது.

மற்றது வாக்காளர் பட்டியல் படிவம். அப்பா தோட்ட ஒபீஸிலிருந்து கொண்டுவந்தார். போன வருடத்துப் பெயர்கள் அதில் ஏற்கெனவே அச்சாகி வந்திருக்கின்றன. அப்பா, அம்மா, நான், எனக்குக் கீழே நீ.

நீ எங்கள் வீட்டில் ஒரு நாளும் குடியிருந்ததில்லை. இரண்டு இரவு தங்கியிருப்பாய், அதுவும் மழைக்குப் பாதை உடைந்து பஸ் ஓடாததால்.

பத்தாம் வகுப்பின் நடுவில் யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தாய். வாயில் கம்பி. எங்கள் வகுப்பில் யாரும் அதற்கு முன் பல்லில் கம்பி போட்ட ஆளைப் பார்த்ததில்லை. பின்வரிசை வாங்கிலிருந்து ஒருத்தன், "ஏய், கம்பி வேலி!" என்று கத்தினான். நீ திரும்பியே பார்க்காமல், "மாடு வரக் கூடாதெண்டுதான் வேலி போட்டது. நீ வந்திட்டாய், அப்ப வேலி சரியில்லைப் போல" என்றாய். வகுப்பே சிரித்தது. அன்றைக்கே உன்னை எனக்குப் பிடித்துப்போயிற்று. உன்மேல் பொறாமை தொடங்கியதும் அன்றைக்குத்தான். எனக்குப் பதினான்கு வயதில் கடைவாயில் வலி வந்தபோது தோட்டத்து டிஸ்பென்சரியில் ஒரு மாத்திரை தந்தார்கள். வலி நிற்காததால் டவுனுக்குப் போய்ப் பிடுங்கினேன். உனக்கு வலியே இல்லை. வரிசை கோணலாக இருந்த பல்லை நேராக்குவதற்கு மூன்று வருடம் வைத்தியம் செய்தார்கள். பல் நேராக இருக்க வேண்டும் என்று கவலைப்படுகிற வீடுகள் இருக்கின்றன என்பதே எனக்கு உன்னால்தான் தெரிய வந்தது.

உன் அப்பா வெளிநாட்டில். உன் அம்மா உன்னைப் படிக்க வைப்பதற்காகவே டவுனில் ஒரு அனெக்ஸை வாடகைக்கு எடுத்துச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். உனக்குப் படிக்க ஒரு அறை, ஒரு மேசை, மேசையில் லாம்பு. எங்கள் லயத்தில் அறை என்று இருப்பதே ஒன்று. நீ ஏன் பதுளைக்கு வந்தாய் என்று நான் கேட்கவில்லை. பதினைந்து வயதில் யாரும் அதைக் கேட்பதில்லை. உங்கள் பக்கம் இருப்பவர்களுக்குக் காரணம் தெரிந்திருந்தது. பல்கலைக்கழகத்துக்கு எடுபடத் தேவையான வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு. பதுளையில் குறைவு. ஏன் குறைவு என்றால் எங்கள் தோட்டப் பள்ளிக்கூடங்களில் லேப் இல்லை, பௌதிகவியலுக்கு ஆசிரியர் வந்தால் மூன்று மாதத்தில் மாற்றம் வாங்கிக்கொண்டு போய்விடுவார். அந்தக் குறையைப் பார்த்துத்தான் புள்ளியைக் குறைத்து வைத்தார்கள். குறையோடு படிப்பது நாங்கள். குறைந்த புள்ளிக்கு வருவது வேறு ஆட்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்களிடம் இருந்த ஒரே பிளாஸ்டிக் கதிரையில் உட்கார வைத்தோம். தேத்தண்ணி ஆறிப்போகும்வரை வந்த விஷயத்தைச் சொல்லவில்லை.

"அக்கா, ஒரு உதவி. இவளின்ர பதிவுக்கு இந்த மாவட்டத்தில நிரந்தர விலாசம் கேக்கினம். டவுனில வீட்டுக்காரர் வாக்காளர் பட்டியலில எங்கட பேரைப் போட விடுறார் இல்லை."

அம்மா யோசிக்கவே இல்லை. "ஒரு பேரு போடுறதுக்கு என்னாங்க? அரிசியா அளந்து குடுக்கப் போறோம்? போட்டுக்கங்க."

எங்கள் பக்கம் அப்படித்தான். பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த தங்கச்சி புருஷன், கொழும்புக் கடையில் நிற்கும் மாமன் மகன், யார் வந்து கேட்டாலும் லயத்தில் பெயர் போட்டுக் கொடுப்பார்கள். எங்களுக்குக் காணி இல்லை, வீட்டு உறுதி இல்லை. அந்தக் காகிதத்தில் ஒரு வரிதான் கொடுப்பதற்கு இருந்தது. அதையும் கொடுத்துவிட்டோம்.

எழுதியது நான். எங்கள் லயத்தில் எல்லோருக்கும் படிவம் நிரப்புவது நான்தான். நல்ல கையெழுத்து என்று பெயர். முதலில் உன் அம்மாவின் பெயரை எழுதினேன். உனக்குப் பதினெட்டு ஆனதும் உன் பெயரை எழுதினேன், எனக்கு நேர் கீழே, எழுத்து ஒன்றும் பிசகாமல். உன் அம்மா ஊருக்குத் திரும்பியதும் அவர் பெயர் போய்விட்டது. உன்னுடையது தங்கிவிட்டது. அதற்குப் பிறகு நீ எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம், "அன்ரி, நான் பதிஞ்ச பிள்ளை. முட்டையில பெரிய துண்டு எனக்கு" என்பாய். அம்மா உண்மையாகவே பெரிய துண்டை உனக்குத்தான் வைப்பார். "என்னா மொறைக்கிற? வந்த புள்ளைக்கு வைக்காம?" என்று என்னைத்தான் அதட்டுவார்.

பரீட்சைக்கு நாம் சேர்ந்துதான் படித்தோம். பெறுபேறு வந்த அன்று உன் அனெக்ஸில் உன் போனில்தான் இருவரும் பார்த்தோம். முதலில் உன்னுடையது, பிறகு என்னுடையது. மாவட்ட நிலை என்று போட்டிருந்த இடத்தில் உன் எண்ணுக்கு அடுத்த எண் என்னுடையது. "பாரடி, இதிலயும் பக்கத்தில பக்கத்தில!" என்று என்னைக் கட்டிப்பிடித்தாய். சில மாதம் கழித்து வெட்டுப்புள்ளி வெளியானது. பதுளை மாவட்டத்தில் பல் மருத்துவத்துக்குக் கடைசியாக எடுபட்ட புள்ளி உன்னுடையது, தசம எண்கூட மாறவில்லை. அடுத்து நின்றது நான்.

எத்தனையோ தடவை அந்த இரண்டு எண்களையும் மேலும் கீழும் எழுதிப் பார்த்திருக்கிறேன். பட்டியலிலும் நாம் அடுத்தடுத்துத்தான். ஒரே வித்தியாசம், வீட்டுப் பட்டியலில் நான் மேலே.

நீ ஊருக்குப் போன அன்று பதுளை பஸ் ஸ்டாண்டில் ஒரு அட்டைப் பெட்டியை என் கையில் தந்தாய். கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது.

"என்ர நோட்ஸ் எல்லாம் இதுக்குள்ள. இரண்டாம் தரம் எழுத இதை வைச்சுப் படி. பூட்டி வைக்காதை, என்ன?"

நான் தலையாட்டினேன். நீ போகவில்லை. பஸ் கொண்டக்டர் ஹோர்ன் அடிக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தான்.

"யாழ்ப்பாணத்தில எழுதியிருந்தா எனக்குக் கிடைச்சிராது. அது எனக்குத் தெரியும். நான் வந்ததாலதான் உனக்குப் போச்சு. சொல்லடி. வாய் திறந்து திட்டு. இப்படி முகத்தைத் தூக்கி வைச்சிருக்காதை."

"அப்பிடியெல்லாம் ஒண்ணுமில்ல. போ, பஸ் போயிரும்."

உன்னிடம் நான் சொன்ன மிகப் பெரிய பொய் அதுதான். அன்றைக்குத் திட்டியிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலை இருந்திராது.

பெட்டியைக் கொண்டுவந்து கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். கயிற்றை அவிழ்க்கவில்லை. உன்னிடமிருந்து இன்னும் ஒன்றை வாங்கி முன்னேறுவதா என்று வீம்பு. பழைய புத்தகங்களையும் என் கிறுக்கல்களையும் வைத்து இரண்டாம் தடவை எழுதினேன். மறுபடியும் தவறியது, மயிரிழையில். அந்த மயிரிழைக்கான புள்ளியாவது கட்டிலுக்குக் கீழே இருந்தது. எனக்கு அது தெரியும். கட்டிலடியில் பல்லி ஓடும்போதெல்லாம் பெட்டியைப் பார்ப்பேன், திறக்க மாட்டேன்.

பிறகு நீ கோட்டோடு வந்தாய். அம்மாவை வாசல் வெளிச்சத்தில் உட்கார வைத்து வாயைத் திறக்கச் சொன்னாய். அம்மாவுக்கு முன்பற்கள் மூன்று இல்லை, கடைவாயில் எத்தனை இல்லை என்று எண்ணியதே இல்லை. எங்கள் லயத்தில் பல்லுக்கு ஒரே வைத்தியம் குறடுதான். என்னிடம்கூட வாயைக் காட்டாத அம்மா உன்னிடம் காட்டினார். "படிச்சு முடிச்சதும் முதல் பல் செட் உங்களுக்குத்தான் அன்ரி. பிறகு நீங்கள் கையை எடுத்திட்டுச் சிரிக்க வேணும்" என்றாய். என் அம்மாவுக்குப் பல் கட்டப் போவதும் நீதானா என்று நினைத்தேன். கோபத்தில் தண்ணீர்ப் பைப்புக்குப் போய் நின்றுவிட்டேன். நீ திரும்பிப் போகும்போது, "பெட்டியைத் திறந்தியா?" என்று கேட்டாய். "ம்" என்றேன்.

அடுத்த தவணையில் டெங்கு. நாலு நாள் காய்ச்சல். செய்தி வகுப்பு வாட்ஸ்அப்பில் வந்தபோது நான் கிளினிக்கில் மருந்து குழைக்கும் கண்ணாடித் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவும் நானும் பஸ் மாறி மாறி உன் ஊருக்கு வந்தோம். உன் அம்மா எங்களைக் கண்டதும் எழுந்து ஓடிவந்து என் அம்மாவைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, உங்கட பிள்ளை போயிட்டாள். உங்கட வீட்டுப் பிள்ளை போயிட்டாள்." அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். சுவரில் உன் படம், வெள்ளைக் கோட்டோடு. பக்கத்தில் ஆணியில் கோட்டையும் தொங்க விட்டிருந்தார்கள். நாம் இரண்டு பேரும் ஒரே உயரம். அந்தக் கோட்டு எனக்கு அளவாக இருக்கும் என்று நினைத்தேன். உன் உடல் கூடத்தில் இருக்கும்போது நான் அதைத்தான் நினைத்தேன். இதை யாரிடமும் சொல்லவில்லை.

வரும் வழியில் இன்னொன்றும் நினைத்தேன். உன் இடம் இப்போது காலி. அந்த வாங்கில் யாரும் உட்காரப் போவதில்லை. அடுத்து நின்ற ஆளைக் கூப்பிட மாட்டார்கள். நீ எடுத்துக்கொண்டு போன இடம் உனக்கும் ஆகவில்லை, எனக்கும் ஆகவில்லை.

முப்பத்தோராம் நாள் நினைவு மலர் தபாலில் வந்தது. உன் ஊர், உன் கோயில், உன் முதல் பள்ளிக்கூடம், உன் பீடம் எல்லாம் இருந்தன. பதுளை இல்லை. ஒரு வரிகூட இல்லை. எங்கள் விலாசத்துக்குத்தான் அதையும் அனுப்பியிருந்தார்கள். உன் அம்மாவைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அன்று அந்தப் புத்தகத்தை நான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. படத்தை மட்டும் காட்டினேன்.

இன்று மாலை அப்பா படிவத்தை வைத்துவிட்டுச் சொன்னார்: "நாளைக்குக் காலையில வேலைக்குப் பேரு போடுறப்ப கிராம சேவகர் பெரட்டுக் களத்துக்கு வர்றாராம். அந்தப் புள்ள பேர வெட்டிரு." கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, "ஒபீஸ் கிளார்க்கர் ஐயா ஒரு விஷயம் கேட்டாரு. அவருக்குத் தெரிஞ்ச ஆளு ஒருத்தரு கொழும்புல. அவருக்கு ஒரு பொம்பளப் புள்ள, பயோ படிக்குதாம். அந்த எடம் சும்மாதான இருக்கு, இந்தப் புள்ள பேர போட்டுக் குடுக்கலாமான்னு…"

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா சுவரைப் பார்த்தார்.

"நீங்க என்னா சொன்னீங்க?"

"மகளக் கேட்டுச் சொல்றேன்னேன்." பிறகு, எனக்கு வந்த கடிதத்தைக் காட்டி, "இந்த விவசாயத்தப் போயி பதிஞ்சிரு தாயி. மூணாவது தடவையும் எழுதி என்னா பண்ணப் போற? கெடச்சதப் புடி" என்றார்.

அப்பா சொல்வதில் தவறில்லை. அது பட்டம். எங்கள் லயத்தில் யாருக்கும் இல்லாதது. அதை விடுவது மடத்தனமாகவும் இருக்கலாம். ஏழு மாதமாக என்னையே நான் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி வேறு. எனக்கு வேண்டியது பல் மருத்துவமா, உன் இடமா? நீ அந்தக் கோட்டைப் போடாமல் இருந்திருந்தால் எனக்கு அந்த ஆசையே இருந்திருக்குமா?

இன்று கிளினிக்குக்கு ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு அக்கா வந்திருந்தார். கன்னம் வீங்கியிருந்தது. டொக்டருக்குத் தமிழ் தெரியாது, நான்தான் இரு பக்கமும் மாற்றிச் சொல்வேன். பல்லைக் காப்பாற்றலாம், மூன்று தடவை வர வேண்டும் என்றார் டொக்டர். அதைச் சொன்னேன்.

"மூணு தடவ வந்தா மூணு நாளு வேலை போயிரும் தங்கச்சி. அரை நாள் பேருகூடப் போட மாட்டாங்க. புடுங்கச் சொல்லுங்க."

"நல்ல பல்லுக்கா. புடுங்குனா திரும்ப வராது."

"நல்ல பல்லு எனக்கு எதுக்கு? கல்யாணமா பண்ணப் போறேன்?"

அவர் சிரித்தார். வாயை மூடிக்கொண்டு, அம்மாவைப் போலவே. நான் விடவில்லை. முதல் மருந்தை இன்றைக்கே வைத்து, மற்ற இரண்டையும் ஞாயிற்றுக்கிழமைகளில் வைக்க முடியுமா என்று டொக்டரிடம் கேட்டேன். ஞாயிறு கிளினிக் இல்லை. ஆனாலும் அவர், காலையில் ஒரு மணி நேரம் திறக்கலாம் என்றார். அந்த மருந்தைக் குழைக்கத்தான் அவசரமாகப் போத்தலை எடுத்தேன், கவிழ்ந்தது. அந்த அரை மணி நேரத்தில் உன்னை நான் ஒரு தடவைகூட நினைக்கவில்லை. பஸ்ஸில் வரும்போதுதான் அது எனக்குத் தெரிந்தது.

அப்பா வெளியே போனதும் கட்டிலுக்குக் கீழே கையை விட்டுப் பெட்டியை இழுத்தேன். கயிறு உக்கியிருந்தது, கையாலேயே அறுந்தது. உன் நீல மைக் கொப்பிகள், பாடவாரியாக. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சிவப்பு அட்டைக் கொப்பி. அதில் பாடமே இல்லை. இரண்டு வருடத்தில் நீ பிழைவிட்ட கேள்விகளை எல்லாம் ஒன்றுவிடாமல் எழுதி, எங்கே சறுக்கினாய் என்று பக்கத்தில் குறித்திருக்கிறாய். பரம்பரையியல் பக்கத்தில், "இது அவள் சொல்லித்தந்த முறை. சேர் படிப்பிச்சதைவிடச் சுகம்" என்று இருக்கிறது. அவள் என்றால் நான். அதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியிருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. என் முறையையும் எடுத்துக்கொண்டுதான் போயிருக்கிறாய்.

முதல் பக்கத்தில் எனக்கு ஒரே ஒரு வரி: "நான் விட்ட பிழையை நீ விடாதை."

அம்மா அடுப்படியிலிருந்து வந்து பக்கத்தில் குந்தினார். கொப்பியை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

"அந்தப் புள்ள எழுத்தா?"

"ஆமா."

"எனக்குப் பல்லு கட்டணும்னு நீ படிக்க வேணாம். இருக்கிற பல்லு போதும் எனக்கு. ஒனக்கு என்னா வேணும்னு மட்டும் சொல்லு."

"மூணாவது தடவ எழுதப் போறேம்மா. விவசாயத்துக்குப் பதிய மாட்டேன்."

அம்மா கொப்பியை என் மடியில் வைத்தார். படிவத்தை என் பக்கம் தள்ளினார்.

உன் பெயருக்கு நேரே நீக்குவதற்குக் காரணம் கேட்டிருந்தது. இடமாற்றமா, இறப்பா. இங்கே குடியிருக்கவே இல்லை என்று எழுத அதில் இடம் இல்லை. "என்னா எழுதுற?" என்று அம்மா கேட்டார். சொன்னேன். "நம்ம வீட்டுல செத்ததாவே இருக்கட்டும்" என்றார். இறப்பு என்று எழுதினேன். அடிமட்டத்தை வைத்து உன் பெயரின்மேல் ஒரு கோடு போட்டேன். பிறகு அதற்குக் கீழே காலியாக இருந்த வரிகளுக்கும் சேர்த்து மூலைக்கு மூலை ஒரு நீளக் கோடு. கொழும்புக்காரப் பிள்ளையை எனக்குத் தெரியாது. அவளும் உன்னைப் போல வாய்த்துடுக்கு உள்ளவளாக இருக்கலாம். வந்தால் என் அம்மா அவளுக்கும் பெரிய துண்டை வைப்பார். ஆனாலும் கோடு போட்டேன்.

உன் இடத்துக்காகப் பரீட்சை எழுதவில்லை என்று சொன்னால், பஸ் ஸ்டாண்டில் சொன்ன பொய்க்கு இன்னொன்று சேரும். உன் இடத்துக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். நீ வந்ததால்தான் எனக்குப் போனது. சொல்லச் சொன்னாய், சொல்லிவிட்டேன்.

சட்டையைத் தோய்த்துக் கொடியில் போட்டிருக்கிறேன். நீ சொன்னது சரி, மணம் போகவில்லை. சிவப்புக் கொப்பி மடியில் இருக்கிறது. நீ விட்ட பிழைகளில் முதலாவதிலிருந்து தொடங்குகிறேன்.